பிரிண்டருக்கு என்ன கேடு?

"மறுபடியும் நின்னு போச்சா? மூணு பேர்ல எந்தப் புண்ணியவதி கையை வெச்சீங்க?"

சூப்பர்வைசர் கத்தியதில் குடோனின் தகரக் கூரை ஒருமுறை அதிர்ந்தது. நேரில் அவர் ‘சார்’. முதுகுக்குப் பின்னால் ‘சங்கு’. ஆலைச் சங்கு மாதிரித் தொண்டை.

செருப்பும் ஷூவும் பார்சல் கட்டி அனுப்பும் குடோன் அது. மூன்று மேஜை, மூன்று கம்ப்யூட்டர், மூன்று பெண்கள். முகவரி லேபிள் அடிக்க மட்டும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பிரிண்டர். அது கொஞ்ச நாளாக, மத்தியானம் ஆனால் போதும், படுத்துக்கொள்கிறது. லேபிள் இல்லாமல் ஒரு பார்சல் நகராது.

"நான் தொடவே இல்ல சார். கண்ணாடிதான் ஒரே மூச்சுல அம்பது லேபிள் அனுப்புவா" என்றாள் முதல் மேஜை அக்கா.

"அக்கா, நீங்க ரோல் மாட்டுற அழகுக்கு அது இவ்வளவு நாள் உயிரோட இருந்ததே பெரிசு" என்றாள் கண்ணாடி போட்ட இரண்டாம் மேஜைக்காரி.

மூன்றாம் மேஜைப் பெண் ஏழு மாத வயிற்றோடு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலைக்குப் புதுசு. அதனால் பழி மெதுவாக அவள் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருந்தது.

"என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? போய் அந்தப் பெட்டி மேல உக்காந்து தொலைங்க! பிரிண்டர் பக்கம் ஒருத்தரும் வரக் கூடாது!"

மூவரும் முணுமுணுத்தபடி நகர்ந்தார்கள்.

இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார், பிரிண்டரைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக். அவரை வரவழைத்தது முதலாளி. "எந்த மேஜையில தப்புன்னு கண்டுபிடிச்சு நேரா எனக்கே சொல்லுங்க. அவளை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்று போனிலேயே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்.

மெக்கானிக் காலையிலேயே ரோலைக் கழற்றி மாட்டி, பிரிண்டரின் தலையைப் பஞ்சால் துடைத்து, மூன்று மேஜையிலிருந்தும் லேபிள் அடித்துப் பார்த்துவிட்டார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜோராக இருந்தது. இப்போது பார்த்தால் மூச்சுப் பேச்சில்லை.

மூன்று மேஜையும் ஒரே நேரத்தில் நின்றால், தப்பு எப்படி ஒரு மேஜையில் இருக்கும்? பிரிண்டரின் வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது சங்குவின் கண்ணாடி அறைக்குள் நுழைந்து, அவருடைய கம்ப்யூட்டரில் முடிந்தது. மற்ற மூன்றுக்கும் அதன் வழியாகத்தான் இணைப்பு.

திரையை எட்டிப் பார்த்தார். பிரிண்டரை ‘நிறுத்தி வை’ என்பதற்கு நேராக ஒரு டிக்.

"சார், இது ரிப்பேரே இல்ல. இங்கேர்ந்து யாரோ நிறுத்தி வெச்சிருக்காங்க. இந்தக் கம்ப்யூட்டரை வேற யார் தொடுவாங்க?"

"என் நாற்காலியைக்கூட யாரும் தொட மாட்டாங்க."

மெக்கானிக்குக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்போ நீங்களே நிறுத்திட்டு, அந்தப் பொம்பளைங்களைப் போட்டு வறுத்தெடுக்கறீங்க! நல்லா இருக்கு சார் உங்க நியாயம். முதலாளிகிட்ட சொல்லாம விட மாட்டேன்."

"கத்தாதீங்க" என்றார் சங்கு, ரகசியக் குரலில். அந்தத் தொண்டைக்குள் இப்படி ஒரு சத்தமும் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். "கொஞ்சம் வெளியே பாருங்க."

வெளியே மூன்று பெண்களும் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். புதுப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிப்போன பாதங்களை நீட்டி, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அக்கா ஒரு அட்டை மூடியால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"குடோன்ல ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது, கவனிச்சீங்களா? உக்காந்தா தூக்கம் வரும்னு முதலாளி எல்லாத்தையும் எடுத்துட்டார். கேமராவுல யாராவது உக்காந்தது தெரிஞ்சா உடனே போன். அன்னைக்கு அந்தப் பொண்ணு நின்ன இடத்துலயே தலை சுத்திச் சரிஞ்சிட்டா. கொஞ்சம் உக்காரவிடலாமான்னு கேட்டேன். முடியலைன்னா வேலையை விட்டு நின்னுக்கச் சொல்லுன்னார். மெஷின் நின்னுட்டா மட்டும் அவரால ஒண்ணும் சொல்ல முடியலை."

"அவங்ககிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, நான் திட்டும்போது மூணும் சிரிச்சிடும். முகம் கேமராவுல தெரியுமே!" சங்கு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உங்களை வரவழைப்பார்னு நினைக்கலை. இப்போ அவ வேலையே போயிடும் போலிருக்கு."

மெக்கானிக்கின் போன் அடித்தது. முதலாளி.

"என்னப்பா, எந்த மேஜை?"

சங்கு தரையைப் பார்த்தார். மெக்கானிக் ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மேஜையில தப்பில்ல சார். பிரிண்டரோட தலை சூடாயிடுது. காலையிலேர்ந்து விடாம ஓடுதுல்ல? தினமும் மத்தியானம் அரை மணி நேரம் ஓய்வு குடுத்தே ஆகணும். இல்லேன்னா ஒருநாள் மொத்தமா படுத்துடும்."

அந்தப் பக்கம் முதலாளியின் குரல் கரகரத்தது.

"அடப்பாவமே! அரை மணி என்னப்பா, ஒரு மணி நேரம் குடுங்க. ஒரு மெஷினைப் போட்டு இப்படியா கசக்கிப் பிழியறது? அங்கே இருக்கிறவங்களுக்கெல்லாம் மனுஷத்தன்மையே கிடையாதா?"