இன்ஸ்பெக்டர் வீட்டு வைஃபை

“பாஸ்வேர்டு தப்பா இருந்தா தப்புன்னு சொல்லும் சார். இது தப்புன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. கதவைத் திறந்து பார்த்துட்டு மூஞ்சியிலயே சாத்துது” என்றான் வைஃபை டெக்னீஷியன்.

மேசைமேல் புது லேப்டாப். மூலையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“எப்படியாவது போட்டுக் குடுத்துடுங்க தம்பி. நெட்டு வந்தாத்தான் இதுல ஒரு புரோகிராம் இறக்க முடியும். இவளுக்காகவே வாங்கினது.”

‘இவள்’ என்று அவர் சர்வசாதாரணமாகச் சொன்னது தன் மனைவியான இன்ஸ்பெக்டர் அம்மாவை. டெக்னீஷியன் அவசரமாக ரவுட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முகவரியை வாங்கும்போது அது யார் வீடு என்று அவனுக்குத் தெரியாது. உள்ளே வந்து, ஜன்னலோரம் உயரமான நாற்காலியில் சாய்ந்திருந்தவரைப் பார்த்ததும்தான் திக்கென்றது. ஓடுகிற லாரிக்குக் குறுக்கே நின்று அதை நிறுத்தியவர். அவருடைய ஜீப் முனை திரும்பினால் மார்க்கெட்டே வாயை மூடிக்கொள்ளும். அடிக்க மாட்டார், அதட்ட மாட்டார். எதிரில் உட்காரவைத்து ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். எப்பேர்ப்பட்ட கில்லாடியும் உண்மையைக் கக்கிவிடுவான். டெக்னீஷியன் வெளியூருக்கு மாற்றலாகிப் போகும்வரை, அந்த ஜீப்பைத் தூரத்தில் கண்டாலே சந்துக்குள் வண்டியைத் திருப்பியவன்தான். மறுபடி இங்கே வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி வந்து மாட்டிக்கொண்டான்.

“வணக்கம் மேடம்” என்று இடுப்பை வளைத்துக் கும்பிட்டிருந்தான்.

பதில் இல்லை. பார்த்தார். ஊர் சொன்ன அதே பார்வை.

பயந்தான் என்பதைவிடப் பிரமித்தான் என்பதுதான் சரி. ஒரு வார்த்தை பேசாமல், விரலைக்கூட அசைக்காமல், ஒருவர் ஓர் அறையையே தன் கைக்குள் வைத்திருக்க முடியுமா?

ரவுட்டரை அணைத்துப் போட்டான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான். பழைய இணைப்பை அழித்துவிட்டு, பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகத் தட்டினான். சுற்றியது, சுற்றியது, ‘இணைக்க முடியவில்லை’ என்றது. நிமிர்ந்தால் அந்தக் கண்கள் அவன்மேலேயே இருந்தன.

“ஹெல்மெட் வண்டியிலதான் இருக்கு மேடம். மாட்டிக்கிட்டுத்தான் வந்தேன்” என்று யாரும் கேட்காமலே உளறினான்.

“என்ன தம்பி?” லேப்டாப் பெட்டிக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் தலையைத் தூக்கினார்.

“ஒண்ணுமில்ல சார். உங்க போன்ல வைஃபை வருதா?”

“ஜோரா வருதே.”

டெக்னீஷியன் தன் போனில் அதே பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தான். அதற்கும் கதவு சாத்தப்பட்டது. அவனுக்குப் பொறி தட்டியது. கோளாறு லேப்டாப்பில் இல்லை. பழசெல்லாம் உள்ளே போகிறது, புதுசு எதுவும் போகவில்லை!

மருந்துக்கடைக்காரரின் போனை வாங்கி, அதன் வழியாக ரவுட்டரின் அமைப்புக்குள் நுழைந்தான். பார்த்தவன் சீட்டியடிக்கப் போய், நாற்காலி ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டான்.

“சார், இதுக்குள்ள காவல் போட்டிருக்கு. பதிஞ்சு வெச்ச மிஷினை மட்டும்தான் விடும். பாஸ்வேர்டு தெரிஞ்சிருந்தாலும் புது ஆளுக்கு அனுமதி கிடையாது. இவ்வளவு பக்காவா யார் சார் செஞ்சது?”

“அட, ஆமாம்!” அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “மாடி வீட்டுக்காரங்க நம்ம நெட்டைத் திருடறாங்கன்னு ஒருநாள் உட்கார்ந்து இவளே போட்டா. எனக்குச் சுத்தமா மறந்துபோச்சு.”

டெக்னீஷியன் மெல்லத் திரும்பினான். இன்ஸ்பெக்டரின் கண்கள் பளபளத்தன. அப்படியானால் முதலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே, இவனாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுப் பிடித்திருக்கிறார்! கேள்வியே கேட்காமல் பதிலை வரவழைக்கிற வித்தை இதுதான் போல. பேரன் பேத்தி எடுத்தாலும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

புது லேப்டாப்பின் அடையாள எண்ணையும் அதில் பதிந்தான். அடுத்த நொடி இணைப்பு வந்துவிட்டது.

“போயிடாதீங்க தம்பி, கொஞ்சம் இருங்க” என்றார் மருந்துக்கடைக்காரர். எதையோ தேடி, இறக்கி, அது முழுசாக இறங்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியிலிருந்து மெலிதான கறுப்புப் பட்டை ஒன்றை எடுத்துத் திரைக்குக் கீழே பொருத்தினார். மேசையை அப்படியே நகர்த்தி மனைவியின் முகத்துக்கு நேரே கொண்டுபோனார்.

திரை முழுக்கத் தமிழ் எழுத்துகள்.

“பாரும்மா... மெதுவா.”

ஓர் எழுத்து ஒளிர்ந்தது. அடுத்து இன்னொன்று. டெக்னீஷியன் விசைப்பலகையைப் பார்த்தான். அதன்மேல் யார் கையும் இல்லை. இன்ஸ்பெக்டரின் கைகள் மடியில் வைத்தது வைத்தபடி கிடந்தன. கண்கள் மட்டும் எழுத்துக்கு எழுத்து போய்க்கொண்டிருந்தன. அவை போய் நின்ற இடமெல்லாம் ஒளி.

வரி நிறைந்ததும், லேப்டாப்பிலிருந்து ஒரு பெண்குரல் நிதானமாகக் கிளம்பியது:

“ஏங்க, அந்தத் தம்பி வந்ததுலேர்ந்து என்னைப் பார்த்து நடுங்கறாரு. நோய் வந்து எனக்குப் பேச்சே போயிடுச்சுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”