பின்னிருக்கைப் பாடம்

"அந்தப் பாடம் உங்களுக்கு வேண்டாம்," என்றாள் பயிற்சிக்காரி.

மற்றப் பெண்கள் எல்லாம் இருசக்கர வண்டியில் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு, மைதானத்தில் வளைவாக நிறுத்தியிருந்த மஞ்சள் கூம்புகளைச் சுற்றி வந்தாயிற்று. அவள் முறை வந்தபோது பயிற்சிக்காரி அவளைத் தாண்டி அடுத்த ஆளிடம் போகப் பார்த்தாள்.

ஏன் என்று அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

பயிற்சிக்காரி மதில் பக்கம் பார்த்தாள். அங்கே நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு அவளுடைய கணவன் உட்கார்ந்திருந்தான். வகுப்பு நடக்கிற நாளெல்லாம் ஆட்டோ பிடித்துக் கூடவே வந்துவிடுவான்.

"உங்க வீட்டுக்காரர்தான் கேட்டுக்கிட்டார். பின்னாடி ஆள் வெச்சு ஓட்டறது மட்டும் சொல்லித் தர வேண்டாம்னு."

கேட்டிருப்பான். இனிமேல் பெண்டாட்டி ஓட்ட, தான் பின்னால் தொற்றிக்கொண்டு போக வேண்டியிருக்குமே என்ற வீம்புதான். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த வீம்பு மட்டும் முழுசாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படி நினைப்பதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. பாலத்துக்கு முன்னால் இருக்கிற வளைவில் அவன் ஓட்டிய வண்டி திரும்பாமல் நேரே போய்க் கைப்பிடிச் சுவரில் மோதிய நாளிலிருந்து, அவளுக்கு எதற்கும் வருத்தம் வருவதில்லை. அவனுடைய கால் போனது. அவள் புல்லில் விழுந்து முழங்கைச் சிராய்ப்போடு எழுந்தாள். அழ வேண்டிய இடத்திலெல்லாம் சும்மா நின்றாள்.

வீட்டில் பேச்சு அளந்துதான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, விளக்கை அணைக்கட்டுமா. கட்டிலில் நடுவே இன்னொரு ஆள் படுக்கிற இடம் விட்டுப் படுத்தார்கள்.

இனி உயிரே போனாலும் எவன் பின்னாலும் உட்கார மாட்டேன் என்று முடிவு கட்டித்தான் இந்த வகுப்பில் சேர்ந்தாள். தலைக்கவசத்தின் பட்டையைத் தாடையோடு இழுத்துப் பூட்டக் கற்றுக்கொண்டாள். பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல் பிழிகிற மாதிரி பிடிக்கவும், வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கவும் கற்றுக்கொண்டாள். அவன் இதையெல்லாம் அன்றைக்குச் செய்திருந்தால் என்று ஒவ்வொரு பாடத்திலும் தோன்றும். வீட்டுக்குப் போய் அதைச் சொல்லியும் காட்டுவாள். அவன் மறுக்காமல் கேட்டுக்கொள்வான்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க. எல்லாருக்கும் கட்டின அதே பணம்தானே நானும் கட்டியிருக்கேன்?"

பயிற்சிக்காரி தோளைக் குலுக்கிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். முதல் சுற்றில் தான் அவளோடு சேர்ந்து சாய்வதாகவும், அடுத்த சுற்றில் எதிர்ப்பக்கம் சாய்வதாகவும், வண்டி என்ன செய்கிறது என்று பார்க்கும்படியும் சொன்னாள்.

முதல் சுற்று வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் ஆள் இருப்பதே தெரியவில்லை.

இரண்டாவது சுற்றில், வளைவின் நடுவில், பின்னாலிருந்த உடம்பு சட்டென்று எதிர்ப்பக்கம் போனது. அவ்வளவுதான். வண்டி அவள் சொல்பேச்சைக் கேட்கவில்லை. சாய்த்துப் பார்த்தாள், நிமிர்ந்துகொண்டது. திருப்பப் பார்த்தாள், நேராகவே போனது. இரண்டு கூம்புகளைத் தட்டிவிட்டு, கோட்டுக்கு வெளியே புழுதியில் போய்த்தான் நின்றது.

பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா? பின்னாடி இருக்கறவங்க பயத்துல இப்படித்தான் பண்ணுவாங்க. வண்டி விழுந்துடாம நாமதான் தாங்கிப் பிடிக்கிறோம்னு நெனப்பு. ஓட்டறவங்க பாவம், ஒண்ணும் பண்ண முடியாது."

பயிற்சிக்காரி இறங்கிப் போய்க் கூம்புகளை நிமிர்த்தினாள்.

அவள் இரண்டு காலையும் தரையில் ஊன்றி அப்படியே நின்றாள். எஞ்சின் சூடு கெண்டைக்காலில் அடித்தது. நகரத் தோன்றவில்லை.

விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் சொன்னாள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் சொன்னாள். மாமியாரிடமும் தன் அண்ணனிடமும், பார்க்க வந்த அக்கம்பக்கத்தாரிடமும் வாய் வலிக்கச் சொன்னாள். வளைவில் வண்டி அப்படியே படுக்கப் பார்த்தது, நான் மட்டும் அந்த நேரத்தில் முழு பலத்தோடு எதிர்ப்பக்கம் சாயாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இரண்டு பேருக்கும் படம் மாட்டியிருப்பீர்கள் என்று.

அப்போதெல்லாம் அவன் பக்கத்தில் கட்டிலில்தான் படுத்திருந்தான். அல்லது பக்கத்து நாற்காலியில் இருந்தான். ஆமாம், இவளால்தான் பிழைத்தோம் என்று ஒவ்வொரு தடவையும் தலையாட்டினான்.

அவள் மதில் பக்கம் திரும்பினாள். சிரிக்காத ஆள் அங்கே அவன் ஒருவன்தான். எழுந்து, ஊன்றுகோலை அக்குளில் கொடுத்து, வெயிலில் மைதானத்தின் குறுக்கே வந்துகொண்டிருந்தான். அவசரமாக வந்ததில் ஓரிடத்தில் தடுமாறி, சமாளித்துக்கொண்டான்.

பக்கத்தில் வந்ததும் மூச்சு வாங்கியது. அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் முன் சக்கரத்தைப் பார்த்தபடி பேசினான்.

"இவங்க எதையாவது சொல்லுவாங்க, நீ மனசுல போட்டுக்காத. அன்னிக்கு வேகமாப் போனது நான்தான்."

அவள் இன்னும் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவும் இல்லை.