கடலில் இருந்து மலைக்கு ஓடிய ஆறு

"ஆறு எங்கையாவது கடலிலை இருந்து மலைக்கு ஓடுமோ, தம்பி?"

வாசல் சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டிக் கத்தினார் ஆனந்தராசா. ஊர்ச் சங்கத்தின் செயலாளர். இத்தாலிய மொழியைத் தண்ணி மாதிரிக் கதைப்பார்.

அகஸ்ரின் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்தான். சிசிலியின் வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய மாடிக் கட்டடத்துக்கு அவன்தான் காவலாளி, துப்புரவாளன், எல்லாம்.

"சிசிலியிலை ஓடும், அண்ணை. இஞ்சை பஸ்ஸே எந்தப் பக்கம் போகுமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"பகிடி விடாதை!"

அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் ஆறு ஓடியது உண்மை. அகஸ்ரின் தானே இத்தாலிய மொழியில் எழுதி மாட்டிய வரலாற்றுப் பலகையில் இருந்ததோ இப்படி: 'இவ்விடத்தில் 1962இல் அரபு மன்னர்கள் மரம் இறக்கினார்கள். ஆறு கடலில் இருந்து மலைக்கு ஓடியது. மரங்களை முதலைகள் இழுத்தன.'

"1962 நான் பிறந்த வருசம்! அப்ப எந்த அரபு மன்னன் இஞ்சை நிண்டவன்?"

"நீங்கள் சாவகச்சேரியிலை எல்லோ பிறந்தனீங்கள். இஞ்சை நடந்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஆனந்தராசாவுக்கு மூக்கு விடைத்தது.

"வாறவன் போறவன் எல்லாம் படம் எடுத்துப் போட்டுச் சிரிக்கிறான். தமிழனுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைக்கப் போறாங்கள். கட்டட நிர்வாகி கண்டால் உன்ரை வேலையும் போச்சு, வேலையோடை தந்த வீடும் போச்சு. இந்தா!"

கையோடு கொண்டுவந்த புதுப் பலகையைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தார். ஒரு பேராசிரியரிடம் காட்டித் திருத்தியது.

"பழசைக் கழட்டு."

"வேண்டாம், அண்ணை."

"ஏன் வேண்டாம்?"

அகஸ்ரின் பதில் சொல்வதற்குள் இரண்டு ஜேர்மன்காரர் வந்து பலகைக்கு முன்னால் நின்று போனைத் தூக்கினார்கள்.

மூன்றாம் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"படம் எடுக்காதீர்கள்! அத்தனையும் பொய்!"

படிகளில் ஊன்றுகோல் சத்தம். சினியோரா நூன்சியா, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, மூச்சிரைக்க வாசலுக்கு வந்தார். ஊன்றுகோலால் பலகையில் ஓங்கித் தட்டினார்.

"மரம் இழுத்த முதலையாம்! எழுதிய மடையன் இதோ நிற்கிறான், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!"

அகஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆறு எங்கே திரும்பியது, படகுகள் எங்கே நின்றன என்று அந்த இருவரையும் தெருவின் அந்தத் தொங்கலுக்கும் இந்தத் தொங்கலுக்கும் இழுத்துக்கொண்டு திரிந்தார் சினியோரா. கை காற்றில் பறந்தது. கன்னம் சிவந்தது.

"பார்த்தியோ?" என்றார் ஆனந்தராசா. "வயசுபோன மனிசி. உன்ரை விசர்ப் பலகையாலை மூண்டு மாடி இறங்கி வாறா. பாவமில்லையோ?"

அகஸ்ரின் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, புருசன் செத்த பிறகு உந்த மனிசி வாசலைத் தாண்டினதில்லை. ஒருத்தரோடையும் கதையில்லை. ஒழுங்காய்ச் சாப்பாடும் இல்லை. மகள் மிலானோவிலை இருந்து போனிலை அழுவா. நானும் எத்தினை தரம் கதவைத் தட்டியிருப்பன், திறக்கவேயில்லை. பிழையைக் கண்டால் வாத்தியாராலை சும்மா இருக்கேலாது எண்டு யோசிச்சன். பலகை மாட்டின அண்டைக்கே இறங்கி வந்து என்னை ஏசு ஏசெண்டு ஏசினா. அண்டைக்குப் பின்னேரம் சந்தைக்குப் போய் மீனும் வாங்கினா."

ஆனந்தராசா புதுப் பலகையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"மனிசிக்கு இது தெரியக்கூடாது, அண்ணை."

"நான் ஏன் சொல்லப்போறன்?"

ஜேர்மன்காரரை வழியனுப்பிவிட்டு சினியோரா நேரே ஆனந்தராசாவிடம் வந்தார். கையை நீட்டி, அவர் மறைத்த பலகையை வாங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, கடைசி வரி வரை வாசித்தார்.

"அருமை. ஒரு பிழைகூட இல்லை," என்று திருப்பிக் கொடுத்தார். "தயவுசெய்து இதை உங்கள் வீட்டில் மாட்டுங்கள்."

பிறகு அகஸ்ரின் பக்கம் திரும்பினார்.

"அகொஸ்தீனோ, இந்த வாசல் எனக்கு இப்போது மிகவும் பக்கமாகிவிட்டது. அடுத்த பொய்யைக் கொஞ்சம் தள்ளி, சந்தை மூலையில் மாட்டு."