கவிழ்த்து வைத்த டப்பா

ஒரு லாரியில் கேபினுக்குப் பின்னால் இரண்டு புகைக்குழாய்கள் வானத்தைப் பார்த்து நின்றன. இடது குழாயின் வாயில் கீல் வைத்த மூடி ஒன்று இருந்தது. வலது குழாயின் மூடி எங்கோ கழன்று விழுந்துவிட்டதால், வண்டியை நிறுத்தும்போதெல்லாம் டிரைவர் சவரிமுத்து அதன்மேல் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துவைப்பார். கிளம்புமுன் அதை எடுத்து சீட்டுக்கடியில் போட்டுக்கொள்வார். அதனால் டப்பா மழையைப் பார்த்திருக்கிறதே தவிர, புகையைப் பார்த்ததே இல்லை.

“வண்டி ஓடினா போதும், கடகடன்னு எழுந்து எழுந்து விழற. போயும் போயும் புகைக்கா ஒருத்தன் எழுந்து நிப்பான்?” என்று ஒரு மழை ராத்திரியில் டப்பா, இடது குழாயின் மூடியைக் கேட்டது.

“மழையைத் தடுக்கணும், புகைக்கு வழி விடணும். ரெண்டும் சேர்ந்ததுதானே அண்ணே நம்ம வேலை?”

“எனக்கே வேலை சொல்லித் தரியா? இத்தனை நாள்ல ஒரு சொட்டு உள்ள விட்டிருப்பேனா? நான் யாருக்கும் எழுந்திருக்க மாட்டேன்.”

மறுநாள் காலை மழை விட்டதும், அவசரத்தில் டப்பாவை மறந்து சவரிமுத்து வண்டியைக் கிளப்பினார். கீழிருந்து புகை முட்டியது.

“அண்ணே, எழுந்து வழி விடுங்க!” என்று மூடி கத்தியது.

டப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடுத்த நொடி ‘டம்’மென்று பறந்துபோய், ரோட்டோரப் புல்லில் வாய் மேலே பார்க்க விழுந்தது. லாரி நிற்காமல் போய்விட்டது.

மத்தியானம் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. நனைந்துபோன எறும்பு ஒன்று, “உள்ள ஒதுங்க இடம் கிடைக்குமா?” என்று கேட்டது.

“தாராளமா வா,” என்றது விளிம்புவரை தண்ணீர் நிறைந்திருந்த டப்பா. “நான் இருக்கிற இடத்துல ஒரு சொட்டு உள்ள போகாது.”