இன்னும் ஓராண்டு

"டீச்சர், நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன். நீங்க நின்னா அவ உங்க மூஞ்சியத்தான் பாக்குறா."

சிட்டுவின் பையைத் திறந்துகொடுக்கக் குனிந்த சிறப்புப் பள்ளி டீச்சர் நிமிர்ந்தார். பொதுப்பள்ளியிலிருந்து பிள்ளையைச் சோதித்துப் பார்க்க வந்த ஆசிரியை தன்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது.

போனார். போய், கதவின் கண்ணாடிச் சதுரத்தின் ஓரத்தில், உள்ளிருந்து தெரியாதபடி கண்ணை ஒட்டவைத்துக்கொண்டார்.

சிட்டுவுக்கு ஒன்பது வயது. பேச்சு குறைவு, விரல்கள் சொன்னபடி கேட்காது. இன்று தேறினால் அடுத்த மாதமே பொதுப்பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள்.

வந்த புதிதில் மேசைக்கடியில் உட்கார்ந்துகொண்டு யாரையும் அண்டவிடாத பிள்ளை. வழிக்குக் கொண்டுவந்தது டீச்சர்தான். என்னை விட்டால் அவள் யாரிடமும் இருக்கமாட்டாள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் அலுத்துக்கொள்வார். அலுப்பாவது ஒன்றாவது. சொல்லும்போதே உள்ளுக்குள் தித்திக்கும். பிறந்ததே இதற்குத்தான் என்று தோன்றும்.

உள்ளே ஆசிரியை தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

டீச்சரின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. இறுக்கமான மூடி. நான்கு வருடமாக அவர்தான் திறந்து கொடுக்கிறார்.

சிட்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். டீச்சர் இல்லை.

பாட்டிலைத் தொடை இடுக்கில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, ஒரே திருகு. குடித்தாள். மூடினாள். பையின் ஜிப்பைப் பல்லால் கவ்வி இழுத்தாள். நோட்டை எடுத்தாள்.

முதல்முறை செய்கிற கை அப்படி இருக்காது. பழகிய கை.

டீச்சருக்குக் காதெல்லாம் சுட்டது.

போன வருடமும் பொதுப்பள்ளியிலிருந்து வந்து, சிட்டுவைச் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். 'இன்னும் ஓராண்டு தேவை' என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவரேதான். பிள்ளையின் நன்மைக்கு என்று நம்பித்தான் எழுதினார். இப்போது அதை நினைக்கவே கூசியது. இவள் போய்விட்டால் நான் யாருக்கு வேண்டும் என்ற பயத்தைத்தான் அத்தனை அழகாக எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு ஒரு வருடம் போயிற்று.

நல்லவேளை, இது வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

ஆசிரியை சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"எல்லாம் அவளே பண்றா டீச்சர். அப்புறம் ஏன் டீச்சர பண்ண விடுறேன்னு அவகிட்ட கேட்டேன். 'பாவம் டீச்சர், அவங்களுக்கு ஆசை'ங்கிறா."