ஊர் முழுக்க முதுகுவலி

"மிஷினா? என் புருஷனுக்கு மிஷின்லயாடா குழி வெட்டப் போறே?"

கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே டிராக்டரை மறித்துக்கொண்டு நின்றாள் நோரீன்.

"தள்ளுங்கக்கா. நாளைக்குப் பதினோரு மணிக்கு அடக்கம். குழி வேணுமா, வேண்டாமா?" என்று மேலேயிருந்து கத்தினான் பக்கத்து வீட்டு மலாக்கி. டிராக்டருக்குப் பின்னால் வாய்க்கால் தோண்டுகிற இரும்புக் கை மடங்கிக் கிடந்தது.

அயர்லாந்தில் மேயோ பக்கத்து அந்த ஊரில் யார் செத்தாலும் அக்கம்பக்கத்து ஆண்கள்தான் சேர்ந்து மண்வெட்டியால் குழி வெட்டுவார்கள். வெட்டினவர்களுக்குச் செத்தவர் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் விஸ்கி. நாற்பது வருஷமாக எல்லார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக மண்வெட்டியோடு போய் நின்றவர் அவள் புருஷன் பார்ட்லி. சாகும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்கு நம்ம பசங்க கையால வெட்டணும் நோரீன். மிஷின் கிஷின் வேண்டாம்."

நேற்று ஏழு வீடு ஏறி இறங்கினாள். ஃபெர்கலுக்கு முதுகுவலி. "குனிஞ்சா நிமிர முடியலை" என்றவன், குனிந்து நாய்த் தட்டை எடுத்து, நிமிர்ந்து உள்ளே போனான். டோனலுக்குத் தோள்பட்டை. மற்றவர்களுக்கு மழைக்கு முன்னால் மாட்டுக்கு அறுத்த புல்லைச் சுருட்டிக் கட்டியாக வேண்டுமாம். பார்ட்லி வெட்டின குழியில் அப்பனையும் ஆத்தாளையும் இறக்கினவர்கள்தான் அத்தனை பேரும்!

கடைசியாக மலாக்கியிடம் போய் அழுதேவிட்டாள். "நான் பார்த்துக்கறேன்க்கா" என்றான். பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

"டேய், இது வயல்ல வாய்க்கால் வெட்டற சாமான். கல்லறைக்கு நடுவுல கொண்டுபோனா குடை சாஞ்சிடும்டா!"

"எல்லாம் எனக்குத் தெரியும்."

தெரிந்த லட்சணமும் பத்தே நிமிஷத்தில் தெரிந்தது. மதில் ஓரத்தில் பார்ட்லி தனக்கென்று வாங்கிப் போட்டிருந்த இடம். வண்டி சாயாமல் தாங்குகிற ஊன்றுகாலைக்கூட இறக்காமல் வண்டியை அதன் மேலேயே பின்னுக்கு எடுத்தான். இரும்புக் கையின் பக்கெட்டால் மண்ணை ஒரு குத்துக் குத்தினான். பின் சக்கரம் அச்சுவரைக்கும் மண்ணுக்குள் போய்விட்டது. டிராக்டர் ஒருக்களித்துச் சாய்ந்தது. இரும்புக் கை பக்கத்துக் கல்லறைக்கு ஒரு முழம் மேலே ஆடிக்கொண்டு நின்றது. அது ஃபெர்கலுடைய அப்பாவின் கல்லறை.

"ஐயோ, படுபாவி!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள் நோரீன்.

மலாக்கி கீழே குதித்தான். போனை எடுத்து ஊர் மதுக்கடைக்குப் போட்டான்.

"ஆமாப்பா, மாட்டிக்கிச்சு. கல்லறைத் தோட்டத்துலதான். ஃபெர்கல் அப்பா கல்லு மேல விழப்போகுது. சிரிக்காதய்யா, வை போனை!"

அரை மணி நேரத்தில் ஊரே மதில் மேல் இருந்தது. பிளாஸ்கில் டீகூடக் கொண்டுவந்திருந்தார்கள்.

"மூளையை வீட்லயே வெச்சிட்டு வந்தியா மலாக்கி?"

"கல்லறையில உழவு ஓட்ட வந்தியாடா?"

"எங்கப்பன் கல்லு!" என்று அலறிக்கொண்டு ஃபெர்கல் மதிலைத் தாண்டிக் குதித்தான். நாலடி மதில். "எடுங்கடா கொட்டகையில இருக்கற மண்வெட்டியை! சக்கரத்தைச் சுத்தி வெட்டுங்க!"

வெட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, பேய் மாதிரி வெட்டினார்கள். டோனலின் தோள்பட்டை எகிறி எகிறி இறங்கியது. மலாக்கி மட்டும் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு ஓரமாக நின்று வம்பிழுத்தான்.

"என்ன ஃபெர்கல், கோணலா வெட்டறே? பார்ட்லி நூல் பிடிச்ச மாதிரி வெட்டுவார்."

"வாயை மூடுடா மடையா! எனக்கா சொல்லித் தர்றே?" ஃபெர்கல் நூல் பிடித்த மாதிரி வெட்டினான்.

பலகை போட்டு, டோனலுடைய டிராக்டரைக் கட்டி ஒருவழியாக வண்டியை வெளியே இழுத்தபோது, இடுப்பளவு பள்ளம் ஆகியிருந்தது. சரியாக அந்த நேரத்துக்கு ஃபாதர் கனிஸ் வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். மண்வெட்டிகளைப் பார்த்தார்.

"அடடா, பார்ட்லிக்காக எல்லாரும் வந்துட்டீங்களே! மனசு குளிர்ந்துபோச்சு. பாதிக்கு மேல ஆயிடுச்சு போல. முடிச்சிடுங்கப்பா, நான் இங்கேயே இருக்கேன்."

ஃபெர்கலின் கை முதுகைத் தேடிப் போனது. ஃபாதர் அவனையே பார்க்கவும் மண்வெட்டிக்குத் திரும்பி வந்தது.

சாயங்காலம் குழி தயார். நோரீன் விஸ்கி பாட்டிலைக் கொண்டுவந்து ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினாள். மலாக்கியிடம் வந்ததும் பாட்டிலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"உனக்குக் கிடையாது. ஊரே கைகொட்டிச் சிரிச்சிட்டுப் போகுது. அந்த இடம் வெண்ணெய் மாதிரி இளகிக் கிடக்கும்னு உனக்குத் தெரியாதா? தோண்டறவன் கஷ்டப்படக் கூடாதுன்னுதானேடா அவர் தேடித் தேடி அதை வாங்கினார்!"

"தெரியும்க்கா. அவரே சொல்லியிருக்கார்." மலாக்கி பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து, விஸ்கி குடிக்கிற கூட்டத்தைக் காட்டினான்.

"குழி வெட்ட வாங்கன்னீங்க, ஒருத்தனும் வரலை. என்னைப் பார்த்துச் சிரிக்க வாங்கன்னேன், ஒருத்தன் விடாம வந்துட்டாங்க பாருங்க."