ஆளில்லாத அறையில் மின்விசிறி

"ஆளில்லாத ரூம்ல எதுக்கு ஃபேன் சுத்துது?"

கணவன் ஆரம்பித்துவிட்டான். மூன்று மாதமாக இதே பாட்டுதான். ஹீட்டருக்குப் பத்து நிமிடம்தான் என்று கறார் வேறு. தினமும் காலையில் மீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டான்.

"எங்கப்பா தோட்டத்துக் கிணத்தை ஒட்டி எண்ணெய்க் குழாய் பதிக்கப் போறாங்க. ஊரே கொடி பிடிக்குது. நீங்க ஸ்விட்சைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க," என்றாள் மனைவி. "நாளைக்குக் குழாய் விசாரணைக்காவது வருவீங்களா?"

"வராம இருக்க முடியுமா?"

மறுநாள் கூடத்தில் விசாரணைக் குழுத் தலைவர் கேட்டார்: "வீடுகளோட மின்தேவை ரெண்டு மடங்காகும், மின்நிலையத்துக்கு எண்ணெய் பத்தாது, அதனால குழாய் வேணும்னு மின்சார அலுவலக அறிக்கை சொல்லுது. அதை எழுதினவர் யாருங்க?"

கணவன் எழுந்தான். அவன் அந்த அலுவலகத்தில் வேலை பார்ப்பது அவளுக்குத் தெரியும். அறிக்கை அவனுடையது என்று தெரியாது.

"அதுல தப்பு இருக்குங்க. அவசரத்துல ஒரே ஒரு வீட்டு மீட்டரை வச்சு நகரம் முழுசுக்கும் கணக்குப் போட்டுட்டேன். அந்த வீடு இப்போ பாதி மின்சாரத்துலயே நல்லா நடக்குது. மூணு மாசக் குறிப்பு இந்த நோட்டுல இருக்கு."

"யார் வீடு?"

"எங்க வீடுதாங்க."

கூடமே சிரித்தது. தலைவர் மட்டும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் நூறு வீட்டுல இதே மாதிரி கணக்கு எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் குழாய் வேலை நிக்கட்டும்."

அவள் அப்பா, "மாப்பிள்ளை!" என்று எழுந்து அவனிடம் ஓடினார். அவள் உடனே போகவில்லை. ஆட்கள் எழுந்துபோன நாற்காலிகளுக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுத்தான் போனாள்.